நேரலை அணையாத ஞாயிறு

வயர் அண்ணன் என்றால்தான் சபையில் எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனை மண்டபத்தின் கடைசி வரிசையில் மைக், திரை, நேரலை மூன்றுக்கும் அவர்தான் ராஜா. பிரசங்கம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "சத்தம் நல்லா இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது.

அந்தச் சபையில் மிஷன் நேரம் என்று ஒன்று உண்டு. பிரசங்கத்துக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில், வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லி ஜெபிப்பார்கள். அது தொடங்கியதும் நேரலையை அணைத்துவிட வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் கேட்கலாம், இணையத்தில் ஒரு சொல் போகக்கூடாது. இந்த விதியைக் கொண்டு வந்தவரே வயர் அண்ணன்தான். அவருடைய ஒரே தங்கையும் மாப்பிள்ளையும் இருக்கும் நாட்டில் ஒருவர் மதம் மாறினால் வேலை போகும், வீடு போகும், ஆளே காணாமல் போவதும் உண்டு. அங்கே தங்கை தையல் வகுப்பும் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வகுப்பும் நடத்துவதாகத்தான் ஊருக்குக் கணக்கு.

மூன்று வருடமாக அவர்களிடமிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் வரவில்லை. போன வாரம் மிஷன் கமிட்டி கூடியபோது, தலைவரான பெயிண்ட்கடைக்காரர் அதைப் பட்டென்று போட்டு உடைத்தார்.

"வயர், தப்பா நினைக்காதீங்க. அங்க புதுசா ஒரு சபையை உண்டாக்கத்தானே அனுப்பினோம்? மத்த ஊழியருங்க மாசாமாசம் கூட்டம் கூட்டமா போட்டோ அனுப்புறாங்க. உங்க தங்கச்சி ஊசி நூல் போட்டோதான் அனுப்புது. அடுத்த மாசத்தோட பணம் அனுப்புறதை நிறுத்திக்கலாம்னு ஒரு யோசனை."

வயர் அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. சபை கையை விரித்துவிட்டால் வகுப்பை மூட வேண்டும், விசா போய்விடும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இளமையை எல்லாம் அந்த ஊரில் கொட்டிவிட்டுத் தங்கை வெறுங்கையோடு திரும்பி வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், வெறுங்கையோடு வந்தவளின் அண்ணனாகப் பின்வரிசையில் உட்காரவும் அவரால் முடியாது.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. கூடவே தங்கையின் குரல்: "அண்ணா, நீ மட்டும் பாரு. பாத்துட்டு அழிச்சிடு. நடந்ததைப் பாஸ்டர்கிட்ட வாயால சொல்லு, போதும்."

அழிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரைச்சீலை இழுத்து மூடிய ஒரு வீட்டின் பின்கட்டு. நடுவில் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. மாப்பிள்ளை கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். எட்டுப் பேர் வரிசையாக வந்து ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதால் வாயை மட்டும் அசைத்துப் பாடுகிறார்கள். உள்ளங்கை உள்ளங்கையில் படாமல் கை தட்டுகிறார்கள். முதலில் தண்ணீரில் இறங்கியவள் சலவைக்கடைப் பெண். அவளைப் பற்றித் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். அப்பா அம்மா இல்லை, முரட்டு அண்ணன்மார் மூன்று பேர், சலவைக்கடையும் அவர்களுடையதுதான். விஷயம் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

வயர் அண்ணன் பாஸ்டரிடம் வீடியோவையே காட்டினார். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மண்டபத்துக்குள்ள மட்டும் ஒரே ஒரு தடவை போட்டா என்னங்கய்யா? லைவை நான் கட் பண்ணிடுவேன்" என்றார் வயர் அண்ணன்.

"நம்ம ஜனங்கதானே. போடுங்க" என்றார் பாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை மிஷன் நேரத்தில் திரை ஒளிர்ந்தது. மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. வயர் அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்த பெயிண்ட்கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இளகுகிறதா, உதடு துடிக்கிறதா, கைக்குட்டை வெளியே வருகிறதா என்று. கைக்குட்டை வந்தது. கடைசி ஆள் தொட்டியிலிருந்து எழுந்ததும் பெயிண்ட்கடைக்காரரே முதல் ஆளாக எழுந்து கை தட்டினார். மண்டபம் அதிர்ந்தது. வயர் அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. எவ்வளவு பெரிய மனுஷனைத் தங்கை அழ வைத்துவிட்டாள்!

அவர் கை நேரலைப் பொத்தானுக்குப் போகவே இல்லை.

மதியம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "அம்மா இப்பதான் ஃபோன் பண்ணாங்க. அந்தத் தொட்டியைப் பாத்து ஒரே அழுகையாம். நல்ல வேளை, இன்னைக்காவது மிஷன் நேரத்தைக் காட்டினாங்கன்னு சொன்னாங்க."

மாமியார் மூட்டுவலிக்காரர். சபைக்கு நேரில் வந்து ஒரு வருடமாகிறது. வீட்டில் இருந்தபடி நேரலையில்தான் ஆராதனை.

வயர் அண்ணனின் கை தட்டிலேயே நின்றது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் சபையின் பக்கத்தைத் திறந்தார். காலை ஆராதனை முழுசாக இருந்தது. பிரசங்கம் இருந்தது, தொட்டி இருந்தது, எட்டு முகமும் பளிச்சென்று இருந்தது. அழித்தார். சோற்றுக் கையால் தொட்டதில் திரை முழுக்கப் பிசுபிசுத்தது.

"முதல்ல உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அழிச்சாச்சே."

"அழிச்சாச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க. மறைக்காதீங்க."

"இரு. யாராவது எடுத்து வெச்சிருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டுச் சொல்றேன். சும்மா அவளைக் கலங்கடிக்கக் கூடாதுல்ல?"

யாராவது என்ன, பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் ஜெப அத்தையே எடுத்து வைத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அத்தை தானாகவே பெருமையாகச் சொன்னார்.

"வாங்க தம்பி! உங்க தங்கச்சி சாட்சியை நான் ஒருத்தியே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன் தெரியுமா? அந்தத் தொட்டி வர்ற துண்டை மட்டும் என் பேரன் அழகா வெட்டிக் கொடுத்தான். நம்ம சபை பேரையும் நாட்டுப் பேரையும் மேல போட்டிருக்கேன். எந்த நாடுன்னு தெரிஞ்சாதானே பாரத்தோட ஜெபிப்பாங்க?"

வயர் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அத்தையின் முகம் வெளிறியது. பாவம், கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லாத மனுஷி. ஒவ்வொன்றாக அழித்தார். அழித்தபடியே, "என் தங்கச்சிக்கும் போயிருக்கே, அவ வெளிநாட்டுல இருக்காளே" என்றார்.

அத்தையின் தங்கையை ஃபோனில் கூப்பிட்டார்கள். அவர் அழித்தார், ஆனால் அவருடைய கணவரின் ஜெபக்குழுவுக்குப் போயிருந்தது. குழுவில் இருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அதற்குப் பாட்டு ஒன்றைச் சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். வாத்தியாரை ஃபோனில் எழுப்பினார்கள். மதியத் தூக்கம் கலைந்த எரிச்சலோடு, "நல்ல காரியத்தை ஏன் ஒளிக்கணும்?" என்று வாதாடினார். ஒருவழியாக எடுத்தார். அதற்குள் முன்பின் தெரியாத இருநூறு பேர் அவரிடமிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்காதவர் ஒருவருமில்லை, இன்னொருவரைக் கைகாட்டாதவரும் ஒருவருமில்லை. வயர் அண்ணனுக்குத் தரையில் கொட்டிய தண்ணீரைக் கையால் அள்ளிக் குடத்தில் போட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"முக்கால்வாசி எடுத்தாச்சு."

"நான் கேட்டது அது இல்ல."

"விடேன் சனியனே! மீதியையும் எடுத்துட்டா அவளுக்குத் தெரியவே வேண்டாம்ல?" என்று கத்தினார். கத்தியதும் அவருக்கே தன் மனம் வெட்டவெளிச்சமானது. அவள் கலங்குவாள் என்பதெல்லாம் சால்ஜாப்பு. இத்தனை வருடத்தில் தங்கை அவரை நம்பி ஒப்படைத்தது ஒன்றே ஒன்று. அதையும் கோட்டை விட்டேன் என்று அவளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, யார் யாரோ முகம் தெரியாதவர்களுக்கு "தயவுசெய்து" "தயவுசெய்து" என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து பெட்டி ஓடும் இரும்புத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. அங்கே பளிச்சென்ற சட்டையோடு பெயிண்ட்கடைக்காரர் வந்து நின்றார். இந்தக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அவர் கடையிலிருந்துதான்.

"வயர்! உங்களைத்தான் தேடிட்டு வந்தேன். கமிட்டிக்காரங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். நிறுத்துற பேச்சுக்கே இடமில்ல. இன்னும் கூடுதலாவே அனுப்புறோம். சந்தோஷமா?"

ஒரு வாரமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை அதுதான். வயர் அண்ணன் கிரீஸ் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"இன்னொண்ணு. முதல்ல தண்ணில இறங்குச்சே, அந்தப் பொண்ணு முகம் கண்ணுக்குள்ளயே நிக்குதுய்யா. அதைப் பெருசா பிரிண்ட் போட்டு மண்டபத்துல மாட்டிடுவோம். முகத்தைப் பாத்து ஜெபிச்சாதான் நம்ம ஜனங்களுக்கு ஒரு இது வரும்."

"வேண்டாம்."

"செலவை நான் பாத்துக்குறேன்."

"அந்த முகத்தை மறந்துடுங்கய்யா! உங்க கால்ல விழுறேன். எல்லாரும் மறந்துடுங்க!"

லிஃப்ட் குழி முழுக்க அந்தச் சத்தம் மேலும் கீழும் போய் வந்தது. பெயிண்ட்கடைக்காரர் திகைத்து இரண்டு அடி பின்னால் போனார். வயர் அண்ணன் பெட்டியின் கூரையிலிருந்து மாடித் தரைக்குத் தாவி, அவரைத் தாண்டி, படியேறி மொட்டைமாடி மெஷின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கிரீஸ் கையோடு தங்கையின் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. ஆண்டவரே எடுக்க வை, எடுக்க வை என்று வாய்விட்டு அழுதார். எதைச் சொல்லி ஜெபிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை தங்கை எடுத்தாள்.

"சொல்லுண்ணா."

அந்தக் குரலில் உயிரே இல்லை. அவள் எதையும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

"அம்மாடி, நீ... நீங்க ரெண்டு பேரும்..."

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரம்மா காலைல அவங்க ஃபோனைக் கொண்டு வந்து காட்டினாங்க. நீலத் தொட்டி. மேல நம்ம சபை பேரு. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாங்க வெளிநாட்டுக்காரங்க, விரட்டத்தான் செய்வாங்க. விமானம் ஏத்தி விடுவாங்க."

"மத்தவங்க?"

"ஆறு பேர் எங்கயோ போய் ஒளிஞ்சிட்டாங்க. ஒருத்தரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கு."

மீதியிருந்த ஒருத்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. தங்கையே சொன்னாள்.

"சலவைக்கடை திறக்கலண்ணா. பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு. விடியறதுக்கு முன்னாடி மூணு அண்ணனும் அவளைக் கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போனாங்களாம். கார் மட்டும் திரும்பி வந்திருக்கு. அவளை எங்கன்னு கேட்டா, அப்படி ஒருத்தி எங்க வீட்டுல இல்லங்கிறாங்களாம்."

மெஷின் ரூமில் மோட்டார் அசையாமல் கிடந்தது. கீழே யாரோ பொத்தானை அழுத்திவிட்டு லிஃப்டுக்காகக் காத்திருந்தார்கள்.

"நான்தாம்மா போட்டேன். லைவை அணைக்க மறந்துட்டேன். உன்னைப் பத்தி எல்லாரும் நல்லபடியா..."

"தெரியும்ணா. உன்கிட்ட மட்டும்தானே இருந்துச்சு." அவள் குரல் கோபத்தில் ஏறும் என்று காத்திருந்தார். ஏறியிருந்தால்கூடத் தேவலை. "ஒண்ணு மட்டும் சொல்லு. லைவ்ல போயிடுச்சுன்னு உனக்கு எப்ப தெரியும்?"

இப்போதுதான் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நம்புவாள், காலத்துக்கும் நம்புவாள். வாய்வரை வந்த பொய்யை அவர் விழுங்கினார்.

"நேத்து மத்தியானம். சாப்பிடும்போது."

கிரீஸ் பட்ட ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் பூரா அவ எங்க வீட்டுலதாண்ணா இருந்தா" என்றாள் தங்கை. "எல்லையைத் தாண்டிப் போற பஸ் எங்க தெரு முனையிலதான் நிக்கும். கையில காசும் இருந்துச்சு. என்னவோ மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போகப் பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாருக்கும் தெரியாது, எங்க அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், தைரியமா போன்னு நான்தான் அவளை அனுப்பி வெச்சேன்."