இனிக்காத சர்க்கரை

மூலிகைக் கடை அக்காவுக்கு, நீரிழிவுக்குச் சாப்பிடும் சிறுகுறிஞ்சான் இலையை விற்பது பெரிய வேலையே இல்லை. வருகிறவர்களிடம் ஓர் இலையைக் கொடுத்து மென்று பார்க்கச் சொல்வாள். பிறகு அவர்கள் நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரையை வைப்பாள். அது மணல்போல் சப்பென்று இருக்கும். வாயைப் பிளந்தவர்கள் வெறுங்கையோடு போனதில்லை.

பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்த அவள் தம்பி இதை நாள்தோறும் பார்த்தான். அவனுக்கு நீரிழிவு. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடத்தான் அக்கா இலை கொடுத்தாள். அவன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். சூடான ரொட்டித் தட்டு விழுந்து காலில் வந்த புண் ஆறவேயில்லை. பாதத்தை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

“ஏன்டா மாத்திரையை விட்டே?” மருத்துவமனையில் அவன் படுக்கையருகே உட்கார்ந்து அக்கா கேட்டாள்.

“இலையை மென்னுட்டு சர்க்கரையைப் போட்டுப் பாப்பேன்க்கா. துளிகூட இனிக்காது. வாய்லயே நிக்காத சர்க்கரை ரத்தத்துல எப்படி நிக்கும்?”

“அது நாக்கோட சரிடா. கொஞ்ச நேரத்துல நாக்கும் பழையபடி ஆயிடும்.”

பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். “என்ன இலைம்மா அது? எனக்கும் சர்க்கரைதான்.”

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி அவள் கையை அழுத்தினான். “பொழப்பைக் கெடுத்துக்காதக்கா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவருக்குக் கடையின் வழியைச் சொல்லத் தொடங்கினான்.

அக்கா அவனைத் தடுக்கவில்லை.