டியூப் கட்டின லேப்டாப்

1

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் உட்கார முடியவில்லை. அதனால் இதைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யாரும் கேட்க வேண்டாம். மனசிலிருந்து வரவில்லை, இடுப்பிலிருந்து வந்தது. முந்தாநாள் பானுமதியின் தக்காளித் தோட்டத்தில் அவளுக்குப் பதிலாக நான் பறிப்புக்கு நின்றேன். கல் உடைத்த இடுப்புதான், தொப்பூரில் லாரி லாரியாக லோடு ஏற்றின இடுப்புதான். பேனா பிடிக்க ஆரம்பித்த பிறகு அதற்கு மரியாதை கூடிப்போய்விட்டது, வேலைக்கு வளைவதில்லை.

பானுமதி எங்கள் பக்கத்து வூடு. மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் எங்கள் ஊர். நான் நோட்டில் கிறுக்குகிற கதைகளை லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பது அவள்தான். இதையும் அவள்தான் அடிக்கப்போகிறாள், இது அவளைப் பற்றியதாகவே இருந்தாலும். நடுவில் சதுர அடைப்புக்குறி வந்தால் அது அவள் பேசுவது. நீக்குவதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

[ஒப்பந்தமெல்லாம் இல்லீங்க. நான் சொன்னேன், மாயண்ணன் சரின்னாரு. – பா.]

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“மாரண்டஹள்ளிக் குன்றுகளின் பின்னாலிருந்து சூரியன் மெல்ல எழுந்தபோது” – வேண்டாம். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் செடிக்குள் குனிந்திருப்பார்கள். சூரியன் முதுகில் சுடும்போதுதான் அது வந்ததே தெரியும்.

“தகவல் தொழில்நுட்பம் குக்கிராமங்களையும் எட்டிவிட்ட இன்றைய சூழலில்” – இதை எழுதினவன் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை.

“லேப்டாப்பில் நெட் வரவில்லை.” இது போதும்.

லேப்டாப்பில் நெட் வரவில்லை. பானுமதி பிளஸ் டூ படிக்கும்போது கவர்மெண்டில் கொடுத்தது அது. இத்தனை வருசம் உழைத்தது. போன மாதம் கீல் உடைந்து மூடி தனியாக ஆட ஆரம்பித்தது. அவள் புருஷன் அன்பு பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டி, வளையமாக முடிந்து, மூடின லேப்டாப்பின் குறுக்கே இறுக்கமாக மாட்டிவிட்டான். எங்கள் பக்கம் எது உடைந்தாலும் டியூப்தான். பைப் கசிந்தால் டியூப், மண்வெட்டிப் பிடி ஆடினால் டியூப், கட்டில் கால் விரிந்தால் டியூப். (நான் படுத்திருக்கிற இந்தக் கட்டிலுக்கும்தான்.) திறக்கும்போது வளையத்தை ஓர் ஓரமாக உருவி எடுத்துவிட்டு, மூடியைத் தக்காளிக் கிரேட்டின் மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கீல் பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து நெட் போனது.

டியூப்புக்கும் நெட்டுக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. போட வேண்டிய காரணமும் இல்லை.

இதில் என்ன பெரிய கதை என்று நீங்கள் கேட்கலாம். பானுமதி ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுக்கிற வேலை. வூட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு ஒரு டைப்பிங் டெஸ்ட், கேமரா முன்னால். போனில் எழுத முடியாது, லேப்டாப்தான் வேண்டும். முதல் தடவை நெட் வராமல் டெஸ்ட் தப்பிப்போனது. கெஞ்சிக் கேட்டதில் இன்னொரு நாள் கொடுத்தார்கள். காலையில் பதினொரு மணிக்குள் உள்ளே வரவேண்டும், வராவிட்டால் மறுபடி இல்லை என்று மெயிலில் எழுதியிருந்தது.

மறுபடி இல்லை என்றால் ஓசூர் ஃபேக்டரிதான். கம்பெனி பஸ் இருட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டில் கொண்டுவந்து இறக்கும். அவளுடைய பெண்ணுக்கு மூன்று வயசு. தூங்கும்போது விட்டுவிட்டுப் போய், தூங்கின பிறகு வந்து பார்க்க வேண்டும்.

[இத மட்டும் சரியா எழுதியிருக்கீங்க.]

3

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். பாலக்கோட்டில் லேப்டாப் பழுது பார்க்கிற பிரபாகர். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவனைத் திருடனாக எழுத ஆரம்பித்தேன். “கல்லாவைப் பார்த்தபடியே பிரபாகர் ஒரு விஷமச் சிரிப்பு”

[அவரு நல்ல மனுசன். காசே வாங்கல. டீ வாங்கிக் கொடுத்தாரு.]

சரி, சிரிப்பை எடுத்துவிட்டேன். நடந்தது இதுதான். பானுமதி லேப்டாப்பை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பாலக்கோடு போனாள். கடையில் டியூபை உருவித் திறந்து கொடுத்தாள். அவன் வாங்கி மேஜையில் வைத்தான். நெட் வந்தது. “ஒண்ணுமில்லக்கா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது” என்று மூடி, டியூபை மாட்டிக் கொடுத்துவிட்டான். வூட்டுக்கு வந்து திறந்தால் நெட் இல்லை.

கடையில் வருகிறது, ஊரில் வரவில்லை. அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது? ஊரைத்தான். டவரைச் சொன்னார்கள், மலையைச் சொன்னார்கள், புளியமரத்தை வெட்டினால் வரும் என்றுகூட ஒருவர் சொன்னார். அது அவர் வேலிக்கு இடைஞ்சலாக இருந்த மரம்.

4

டெஸ்ட் விழுந்தது பறிப்பு நாளில். பழம் பழுத்துவிட்டால் எந்தக் கம்பெனியும் சொல்லி நிறுத்த முடியாது. எங்கள் ஊரில் கூலிக்கு ஆள் கிடைக்காதவர்கள் மாத்தாள் போவார்கள்: இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ. பணம் கிடையாது, நாளுக்கு நாள். பானுமதியின் வரிசைக்கு மாத்தாளாக நான் போனேன். ஊரிலேயே பறிப்பில் மெதுவானவனுக்கு மாத்தாளாகப் போகக்கூட எனக்குத் தகுதி இல்லை என்பது பெரியம்மாளின் கருத்து. பெரியம்மாள், பானுமதியின் மாமியார்.

பானுமதி வூட்டில் உட்காரவில்லை. தோட்டத்து மேட்டில் போனுக்கு சிக்னல் முழுசாக வரும் என்று லேப்டாப்பையும் அங்கேயே கொண்டுவந்தாள். பேட்டரி செத்துப் பல வருசம் ஆகிறது, பிளக் வேண்டும். பிளக் இருப்பது கிணற்று மோட்டார் ரூமில். அதனால் டெஸ்ட் மோட்டார் ரூமில்.

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த கலைமதி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏண்டி பானு, லேப்டாப்பத் தோட்டத்துக்குக் கொண்டாந்திருக்கற, மருந்து அடிக்கப் போறியா?”

“மொதல்ல உனக்கு அடிக்கறேன், இரு.”

பெரியம்மாள் ஸ்டார்ட்டர் பெட்டியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்கார்ந்து தட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

“மோட்டாரு போட்டா இது அணைஞ்சிடுமா?”

“கரண்டு இழுக்கும் அத்தை. அணைஞ்சாலும் அணைஞ்சிடும்.”

“அப்ப ஒருத்தனும் இத தொடக்கூடாது.” சொல்லிவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டாள்.

பானுமதி டியூபை உருவினாள். மூடியைக் கிரேட்டின் மேல் சாய்த்தாள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டாள். லேப்டாப் மூலையில் சிக்னல் கோடுகளின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அணைத்துப் போட்டாள். சிவப்பு. விமான மோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. கீபோர்டில் ஆன்டெனா படம் போட்ட பொத்தானை, கூட அழுத்த வேண்டிய இன்னொரு பொத்தானோடு சேர்த்து அழுத்தினாள். சிவப்பு. போனிலிருந்து வயர் போட்டுக் கொடுக்கலாமே என்று வாசலில் வந்து நின்ற கலைமதி சொன்னாள். இருந்த வயர் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். கடைசியில் என்ன கோளாறு என்று லேப்டாப்பையே கேட்டாள். அது தேடிப்பார்த்து இங்கிலீஷில் பதில் சொன்னது.

“வயர்லெஸ் அணைஞ்சிருக்குதாம். எங்க அணைஞ்சிருக்குதுன்னு சொல்ல மாட்டேங்குது.”

“எங்க வூட்டுக்காரரு மாதிரி,” என்றாள் கலைமதி. “கோவம்னு சொல்லுவாரு. எதுக்குன்னு சொல்ல மாட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை. மணி பத்தரை தாண்டியிருந்தது. நான் கிரேட்டை இறக்கிவிட்டு வாசலில் போய் நின்றேன்.

“மாயவா, நீ மாத்தாளு. வரிசையப் பாரு,” என்றாள் பெரியம்மாள், ஸ்டார்ட்டருக்குக் கீழேயிருந்து.

5

இந்த இடத்தில் கதையில் யாராவது வந்து காப்பாற்ற வேண்டும். நானே வந்தேன். “மாயவன் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து, லேப்டாப்பைக் கையில் வாங்கி, ஒரு கணம் உற்றுப்”

பொய். அதைத் திறக்கவே எனக்குத் தெரியாது. அன்புவைக் கொண்டுவரலாம் என்றால் அவன் ஓசூர் மார்க்கெட்டில் முதல் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். பிரபாகருக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. ஆக ஆள் இல்லை. அவள்தான்.

பானுமதி லேப்டாப்பை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

[அழல.]

அழவில்லை. தனக்குத் தானே பேச ஆரம்பித்தாள். “கடையில வந்துச்சே. கடையில அவரு என்ன பண்ணாரு? கையில வாங்குனாரு. மேஜை மேல வெச்சாரு. முன்னாடி ஓரத்த இப்படிக் கட்டவிரல்ல துடைச்சாரு. அப்புறம்…”

அப்புறத்துக்குப் போகவில்லை. அவன் தூசி துடைக்கிறான் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறாள். இன்றைக்கு அதே மாதிரி முன்பக்க விளிம்பில் கட்டைவிரலை வைத்து இடது பக்கமாக இழுத்தாள். நகத்தளவு ஒரு குமிழ் நகர்ந்தது. பக்கத்தில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது. சிவப்புக் குறி போய், “அன்பு டொமேட்டோ” என்று அவள் போனின் பேர் வந்து நின்றது.

யாராக இருந்தாலும் உடனே டெஸ்டுக்குள் ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. மூடியைச் சாத்தி, டியூபை மாட்டி, எப்போதும் போல வலது பக்கமாக உருவினாள். பச்சை அணைந்தது. குமிழை நகர்த்தினாள், எரிந்தது. குனிந்து பார்த்தால் குமிழின் மேல் கறுப்பாக ரப்பர் தேய்ந்த தடம்.

“அத்தை,” என்றாள். “டவரும் இல்ல, மலையும் இல்ல. இந்த டியூபுதான். தெனமும் நாமளே அணைச்சிட்டு நாமளே தேடியிருக்கறோம்.”

கடைக்காரன் கட்டைவிரல் பழக்கத்தில் நகர்த்திவிட்டுச் சொல்லாமல் விட்டான். இவர்கள் டியூபை உருவுகிற பழக்கத்தில் அணைத்துவிட்டுத் தெரியாமல் விட்டார்கள். புளியமரம் தப்பித்தது.

6

இனி முடிவு. நான் எழுதினது: “ஆனால் அதற்குள் மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. திரையில்”

[இத நான் அடிக்க மாட்டேன்.]

“அடிக்கலன்னா எப்படிம்மா?” என்று நேரில் போய்க் கேட்டேன்.

“நடந்தது என்னங்கண்ணா?”

“நடந்தது வேற. கதைன்னா…”

“கதைன்னா நாங்க தோக்கணுமா?”

திரும்பி வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். இதுவரை நான் எழுதின எல்லாக் கதையிலும் எங்கள் ஆட்கள் தோற்கிறார்கள். கல் காலில் விழும், லாரி கவிழும், பழம் ரோட்டில் கொட்டும். பார்த்ததைத்தான் எழுதினேன், மறுக்கவில்லை. ஆனால் தோற்பதை எழுத எனக்குக் கை பழகிவிட்டது. ஜெயிப்பது கண்ணுக்கு எதிரில் நடந்தாலும் கை தோல்விக்கே போகிறது, டியூபை வலது பக்கமாகவே உருவுகிற மாதிரி.

சரி. கண்டதை எழுதுகிறேன்.

அவள் நேரத்துக்குள் உள்ளே போய்விட்டாள். காதில் ஹெட்போன். விரல் ஓட ஆரம்பித்தது. பத்துப் பேர் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கிற மாதிரி சத்தம், நிற்கவே இல்லை. நாங்கள் பேசாமல் பறித்தோம். கலைமதி பேசாமல் பறித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கிணற்றில் பங்குள்ள வெங்கடாசலம் தண்ணீர் முறைக்கு வந்தார்.

“மோட்டாரு போடணுமே, பெரியம்மா.”

“அப்புறம் வா.”

“மொளகாச் செடி வாடுதுங்க.”

“அதுக்குள்ள உன் செடி செத்துடாது. எங்க பானு பரீச்சை எழுதறா. சத்தம் போடாத போ.”

எங்க பானு. அதை அவள் அடிக்கும்போது கவனிப்பாள் என்று நினைக்கிறேன்.

[அப்பவே காதுல விழுந்துச்சு. ஹெட்போன் ஒரு பக்கம் வேலை செய்யாது.]

டெஸ்ட் முடிந்ததும் முடிவைத் திரையிலேயே காட்டிவிட்டார்கள். பானுமதி வெளியே வந்தாள். டியூப் வளையம் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. லேப்டாப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள், நிறைந்த கிரேட்டைத் தூக்குகிற மாதிரி. கலைமதி கையிலிருந்த பழத்தை மோட்டார் ரூம் சுவரில் ஓங்கி அடித்தாள். அந்தச் சிவப்பு இன்னும் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். பெரியம்மாள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமி, தொட்டியில் தண்ணீர் அடித்து விழுந்தது.

7

இதற்குமேல் என்னிடம் முடிவு இல்லை. அந்த வேலை நிலைக்குமா, அடுத்த மழைக்கு லேப்டாப் தாங்குமா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். தோற்கிற முடிவாக எழுதுவதென்றால் மட்டும், அடித்துக் கொடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விசயம் மீதி, இது சில வாரம் கழித்துச் சேர்த்தது. என் பறிப்பு நாளுக்குப் பதிலாகப் பானுமதி இந்தக் கதையை அடித்துக் கொடுத்தாள், கணக்கு நேராகிவிட்டது என்று இருந்தேன். அப்புறம் பிரபாகரைத் திருத்தினேன், முடிவைத் திருத்தினேன், முதலிலிருந்து மறுபடி அடிக்கச் சொன்னேன். அவள் கம்பெனி வேலையை முடித்துவிட்டு லீவு நாளில் உட்கார்ந்து அடித்தாள். பெரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாயவா, ஒருக்கா அடிச்சது உன் பறிப்புக்குச் சரியாப் போச்சு. ரெண்டாவது அடிச்சது?”

“கதைதானே பெரியம்மா…”

“தட்டறதும் வேலைதான். நாளு நாளுதான்.”

[எழுதிட்டேன். வெள்ளிக்கிழம பறிப்புங்கண்ணா. – பா.]

இடுப்பு இன்னும் சரியாகவில்லை. பானுமதிக்கு நான் ஒரு நாள் தக்காளிப் பறிப்பு பாக்கி.