பல்வலிக்காரன்

பிரசவ அறைக்கு வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தான் மெக்கானிக். உள்ளே மனைவிக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. அந்த நேரம் பார்த்து இவனுடைய கடைவாய்ப் பல்லும் குடைய ஆரம்பித்தது. மனுஷனுக்குப் பல்வலி வர வேறு நாளா கிடைக்கவில்லை?

"உக்காருங்க மாப்பிள்ளை. நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது," என்றாள் பெஞ்சில் இருந்த மாமியார். "உள்ள இருக்கிறவளே பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கா. இவருக்குப் பல்லுவலியாம்!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரிக்கப் பார்த்தான், பல் விடவில்லை.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. பட்டறையில் இவன் ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். அப்போது யாரும் அங்கே மூச்சு விடக்கூடாது. இங்கேயோ ஒரே இரைச்சல். நேராகப் போய் விசிறியை அணைத்தான்.

"புழுங்குது தெரியலையா? பெரிய தலைவலியா இருக்கியேப்பா!" ஒரு பெரியவர் எழுந்து வந்து மறுபடி போட்டார்.

அவரிடம் என்னவென்று சொல்வான்? போன தடவையும் இதே கதவுதான், இதே விசிறிதான். குழந்தையின் அழுகைச் சத்தம் வரவே இல்லை. விசிறி இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் நம்பிக்கூடப் பார்த்தான். பிறகு வந்தவர்கள் எல்லாரும் மனைவியைத் தேற்றினார்கள். இவனைச் சாப்பாடு வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கி வந்தான். மறுவாரம் பட்டறைக்குப் போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். அந்த வேதனையை எங்கே இறக்கிவைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

கண் கலங்கியது. கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ரொம்ப வலிக்குதா?" மாமியாரின் குரலில் கிண்டல் இல்லை.

"பல்லுதான் அத்தை." மேலே விசிறியைப் பார்த்து, "இந்த ஃபேன் ஓடுனா எதுவும் கேக்காது. அன்னைக்கும்..." என்று இழுத்தான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "அன்னைக்கு உங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல, மாப்பிள்ளை. நானும்தான்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. யாரோ வேகமாக நடந்தார்கள். மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் விசிறியை அணைத்தாள். வாயைத் திறக்கப்போன பெரியவர், அவள் பார்த்த பார்வையில் கைக்குட்டையை எடுத்து விசிறிக்கொண்டார்.

இறக்கைகள் மெல்லச் சுற்றி ஓய்ந்தன. மாமியாரும் மருமகனும் தலையைச் சாய்த்து, கதவோடு காதை வைத்து நின்றார்கள்.