சொல்லாமல் விட்ட சேனல்

நாடகத்தின் முதல் காட்சியிலேயே வக்கீல் வேஷக்காரர் கேட்ட ஒரு கேள்விக்குத் தம்பி தாமதமாகப் பதில் சொன்னான். பார்த்தவர்கள் அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். அரங்கத்தின் கடைசி வரிசையில் ஒலி மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத்தான் அது நடிப்பில்லை என்று தெரிந்தது.

போன வருஷம் வந்த காய்ச்சல் தம்பியின் காதுகளை முக்கால்வாசி வாங்கிக்கொண்டு போயிருந்தது. நடிப்பைத் தவிர வேறு தொழில் அறியாதவன். அதனால் அக்காவும் தம்பியும் காதும் காதும் வைத்த மாதிரி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மற்ற நடிகர்களின் பேச்சை அவள் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் வழியாக அனுப்புவாள். அவன் இடுப்பில் இருக்கும் ரிசீவர் அதை வாங்கி, விக்குக்குள் ஒளிந்திருக்கும் இயர்போனில் உரக்கச் சொல்லும். இது இயக்குநருக்குத் தெரிந்தால் கதாநாயகன் வேஷம் அன்றோடு போச்சு. அந்த மனுஷனோ இன்றைக்கென்று அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

காட்சி மாறும் இடைவெளியில், பேட்டரி மாற்றிவிட்டு வருவதாக அவரிடம் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். புது பேட்டரி போட்டாள். ரிசீவரின் ஏரியல் கம்பி வேட்டி மடிப்புக்குள் நசுங்கிக் கிடந்தது, அதை நிமிர்த்திவிட்டாள். இதுதான் கோளாறு என்று அவள் மூச்சு விடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

"அக்கா, வக்கீல் வாயைத் தொறந்தா எனக்குத் தண்ணித்தொட்டியில பாசின்னு கேக்குது" என்று சொல்லிக்கொண்டே அவன் மேடைக்குள் போய்விட்டான்.

திரும்பி வந்தவள் தன் டிரான்ஸ்மிட்டரை ஒரு நொடி அணைத்துப் பார்த்தாள். அதே சேனலில் மேஜைமேல் இருந்த உபரி ரிசீவரில் சிக்னல் குறையவே இல்லை. ஹெட்ஃபோனில் யாரோ தொட்டி கழுவும் செலவைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். மாடி ஹாலில் குடியிருப்போர் சங்கக் கூட்டம்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னால் மாடி ஹாலின் ஒலிக்காரரும் இவளும் போனில் பேசி, வயர்லெஸ் மைக்குகள் ஒன்றோடொன்று மோதாதபடி யார் எந்தெந்த சேனல் என்று ஒப்பித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இவள் எல்லாவற்றையும் சொன்னாள், தம்பியின் சேனலைத் தவிர. அது யாருக்கு என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவர் பாவம், காலியாக இருக்கிறதென்று அதையே எடுத்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இவள் பக்கம் சேனலை மாற்றுவதானால் ரிசீவரையும் கையால் மாற்றவேண்டும். அதுவோ கூண்டில் நிற்பவன் இடுப்பில் இருக்கிறது. நீதிமன்றக் காட்சி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதில். பதில் மாறினால் மானம் போகும்.

போனை எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, உபரி மைக்குக்கு அந்த சேனல் அவசரமாக வேண்டும் என்றாள். மாடி ஒலிக்காரர் அசையவில்லை. சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார், பாதியில் மைக்கைப் பிடுங்க முடியாது, உபரிதானே, காத்திருக்கட்டும் என்றார்.

மேடையில் வக்கீல் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார். தம்பி அவர் உதட்டையே வெறித்துக்கொண்டு நின்றான். முன்வரிசையில் ஒரு செருமல் கேட்டது. இயக்குநர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணே, என் தம்பிக்குக் காது கேக்காது. இப்ப மேடையில நிக்கறான். அந்த சேனல்தான் அவனுக்குக் காது."

மாடிக்காரர் அந்த மைக்கை அணைத்தார். பாசியும் தொட்டியும் சட்டென்று நின்றன. வக்கீல் மூன்றாம் முறை கேட்டது ஹெட்ஃபோனில் சுத்தமாக விழுந்தது. தம்பியின் தோள்கள் இறங்கின. அவன் பதில் சொன்னான். அதன்பிறகு ஒரு வார்த்தை பிசகவில்லை.

இயக்குநர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், எத்தனை நாளாக என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"நல்லாத்தான் பண்றான்" என்றார் அவர். "ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து ஊர் ஊரா போறோம். எல்லா ஊர்லயும் ஒரு மாடி ஹால் இருக்கும்மா. இன்னையோட போதும்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவர் சொன்னதை அவளே சற்றுமுன் கண்ணால் பார்த்திருந்தாள்.

நாடகம் முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தம்பி நடுவில் வந்து கும்பிட்டான். ஒரு வருஷமாக ஜனங்களின் கைகள் அசைவதைப் பார்த்துத்தான் கும்பிட்டு வந்தான். அவன் காதுக்கு அவள் அனுப்பியதெல்லாம் வசனம் மட்டும்தான்.

ஒலிப்பதிவுக்காகக் கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தம்பியின் சேனலுக்குத் திருப்பி, ஒலியை மெல்ல மெல்ல ஏற்றினாள்.

குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு நிமிர்ந்து, அத்தனை பேரும் பார்க்க விக்கை ஒதுக்கி, இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கைதட்டலைக் கேட்டான்.