நீலப் பூப் பூத்த மரம்

அமேசன் தாழ்நிலக் காட்டில் ரஞ்சினியின் பெயரில் ஒரு மரம் இருந்தது. அவரைக் குடும்பத்து மரம். 1984இல் அங்கே போன தாவரவியலாளரான அவள் கணவர் இரத்தினசிங்கம், பூவோடு கிளையொடித்து அழுத்திக் காயவைத்துச் சிட்னிக்குக் கொண்டுவந்தார். புதிய இனம் என்று நிறுவி, அவள் பெயருக்கு லத்தீன் வாலொன்றை ஒட்டி அதற்கு வைத்தார். அவர்கள் குடியிருந்த குவேக்கர்ஸ் ஹில்லில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் யாராவது அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அவளுக்கும் பெருமைதான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பெயர் சொல்ல ஒரு மரமாவது இருக்கிறதே.

2006இல் கிரிஜா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். ஹெர்பேரியம் என்கிற உலர்தாவரக் காப்பகங்களில் தாள்களில் ஒட்டிக் கிடக்கும் அந்த மரத்தின் பதிவுகளையெல்லாம் திரட்டுகிறவள்.

“அங்கிள், இலை, காய், விதை எல்லாம் பழைய இனத்தோடை ஒத்துப்போகுது. மற்ற எல்லாரும் பூ கத்தரிப்பூ நிறம் எண்டு எழுதியிருக்கினம். நீங்கள் மட்டும்தான் நீலம் எண்டு எழுதியிருக்கிறியள். அந்த நிறம் பிழையெண்டால் புது இனம் எண்ட பேர் நிக்காது. காய்ஞ்ச பூவெல்லாம் இப்ப மண்ணிறம், பாத்துச் சொல்லேலாது.”

“நீலம்தான். என்ரை கண்ணாலை பாத்தனான்.”

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். ரஞ்சினி குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய கண்ணுக்கு நீலமும் கத்தரிப்பூ நிறமும் ஒன்று. கலியாணமான புதிதிலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. பூக்களோடு பிழைக்கிற மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

“இஞ்சேரும் ரஞ்சினி, அந்தப் பூவின்ரை நிறத்திலை உமக்கொரு சீலை வாங்கித் தந்தனான் எல்லே, அதை எடுத்துக்கொண்டு வாரும்.”

அலுமாரியில் அது கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. பக்கத்திலேயே அசல் நீலத்தில் இன்னொன்று. கரைகூட ஏறத்தாழ ஒன்றுதான். நீலத்தைக் கொண்டுபோனால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. கிரிஜாவும் குறித்துக்கொண்டு போய்விடுவாள். மரமும் பெயரும் நிற்கும். அவள் கை முதலில் போனதும் நீலத்துக்குத்தான். பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் கொண்டுவந்ததை இரத்தினசிங்கம் வாங்கிக் கிரிஜாவின் மடியில் விரித்தார்.

“பாத்தீரோ பிள்ளை? அச்சொட்டாய் இந்த நீலம்தான்.”

மடியில் கிடந்தது கத்தரிப்பூ நிறம். கிரிஜா நிமிர்ந்து ரஞ்சினியைப் பார்த்தாள்.

“இதே சீலைதானோ அன்ரி?”

“ஓம், இதேதான்,” என்றாள் ரஞ்சினி. “தேத்தண்ணி ஆறுது, குடியும் பிள்ளை.”