வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டைப் படம் எடுக்கக் கேட்டு வந்தவர்கள் முதலில் வாடகை பேசினார்கள். வாடகைக்கு விட நான் லாட்ஜ் நடத்தவில்லை என்றேன். கதை என்ன என்று மட்டும் கேட்டேன். "மானத்துக்காக வாழ்ற ஒரு குடும்பத்தோட கதைங்கய்யா" என்றார் இயக்குநர். அதில் பொய் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, மனைவி மலையம்மாளையும் மகள் வேல்விழியையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

படம் வந்ததும் தேனியில் போய்ப் பார்த்தோம். வேறு சாதிப் பையனை விரும்பிய மகளை அப்பன்காரன் எங்கள் வீட்டு உரச்சாக்கு அறையில் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போடுகிறான். பிறகு ஒருநாள் கதவைத் திறந்து ஒரு தம்ளரை வைத்துவிட்டு மறுபடியும் அடைக்கிறான். தம்ளரில் பூச்சிமருந்து. தியேட்டரே அழுதது. எனக்குப் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. படக்காரர்கள் மாட்டியது. கழற்றாமல் போய்விட்டார்கள். நல்ல இரும்பு, கிடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன்பிறகு டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சின்னமனூர் பஸ்ஸில் இடம் விட்டார்கள். வயசுக்கு மரியாதை என்று நினைத்தேன். உரக்கடை சுரேஷ்கண்ணன்தான் ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"பெரிய பாப்பா கதையத்தான் எடுத்துருக்காகன்னு ஊருக்குள்ள பேச்சு. நெசமாய்யா?"

மூத்தவள் பவானி கல்லூரியில் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போனவள். மாலை போட்ட அவள் போட்டோ எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வீட்டை ஒழித்துக் கொடுத்த அவசரத்தில் அதை இறக்காமல் விட்டுவிட்டோம். படத்தில் ஒரு காட்சியில், அரிவாளோடு நிற்கும் அப்பனுக்குப் பின்னால் என் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"காமாலைப்பா அது."

"அய்யா சொன்னாச் சரிதான்" என்று அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

மறுக்க மறுக்க மரியாதை கூடியது. கோபத்தில் கத்தினால் இன்னும் கூடியது. படத்து அப்பனும் அப்படித்தான் கத்துவான்.

இந்த நிலையில்தான் வேல்விழியைப் பெண் கேட்டுக் கம்பத்திலிருந்து வந்தார்கள். திராட்சை வியாபாரி கோட்டைச்சாமி, அவர் மனைவி யுவராணி, மகன் இனியன். வேல்விழி தேனியில் வங்கி வேலைக்குப் போகிறவள். ஜாதகம் தட்டிக்கொண்டே போன பிள்ளை. இது எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று மலையம்மாள் குலசாமிக்கு வேண்டியிருந்தாள். தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே கோட்டைச்சாமி என்னை மச்சான் என்றார். பொறுத்துக்கொண்டேன்.

"அந்தப் படத்த மூணு தடவ பாத்துட்டேன் மதினி" என்றார் யுவராணி. "மூணு தடவையும் அழுக தாங்கல. அந்தப் புள்ள உள்ள இருந்து கதவத் தட்டும் பாருங்க..." கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு, "அந்த ரூமு இங்கன எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

இனியன் அதற்குள் எழுந்து போய்விட்டான். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான். "இது ஒரிஜினலா மாமா?"

"அவுக மாட்டுனது."

"செட்டு வேலையா? தெரியவே இல்ல." காபித் தட்டோடு வந்த வேல்விழியைப் பார்த்து, "கதவுக்கிட்ட கொஞ்சம் நில்லுங்களேன், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றான்.

"காபி ஆறிரும்" என்றாள் அவள்.

கோட்டைச்சாமி பவானியின் போட்டோ முன்னால் நின்று கும்பிட்டார். "பெத்த மனசு என்ன பாடு பட்டுருக்கும் மச்சான்! எல்லாராலயும் முடியுமா? பொண்ணு எடுத்தா இப்படி வீட்டுலதான் எடுக்கணும்னு நின்னுட்டேன்."

"அவ காமாலையில போனா."

"தெரியும் மச்சான்."

"என்ன தெரியும்? மதுரையில வச்சுப் பாத்தோம். என் மடியிலதான் உசுரு போச்சு."

மலையம்மாள் ஓடிவந்து போட்டோவின் மேல் கை வைத்தாள். "சத்தியமா காமாலைதாங்க."

யுவராணி அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "விடுங்க மதினி. நாங்களும் வயித்துவலின்னுதான் சொன்னோம்."



"யாருக்கு?" என்றாள் வேல்விழி.

கோட்டைச்சாமி மனைவியை முறைத்தார். அந்த அம்மாளுக்கு வாய் நிற்கவில்லை. "இவுக தங்கச்சி, சொர்ணலதா. அது பழைய கதை ஆத்தா. படத்துல வர்ற புள்ள அவ சாடைதான். அதான் அழுக வந்துருது."

நான் எழுந்தேன். "காபி குடிச்சாச்சுன்னா கெளம்பலாம்."

"என்ன மச்சான், திடீர்னு..."

"மச்சான்னு கூப்பிடாதீக. இந்த வீட்டுல யாரும் யாரையும் அடைக்கவும் இல்ல, கொல்லவும் இல்ல. எம்மகளுக்கு உங்க வீடு வேண்டாம்."

அவர் முகம் கறுத்தது. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாத்தியாடா, மனுசன் எப்படி நிக்கிறாருன்னு? கடைசி வரைக்கும் ஒத்துக்கிறல." அதில் ஏளனம் இல்லை. மரியாதைதான் இருந்தது. நாளைக்கு இதுவும் கம்பம் மார்க்கெட் முழுக்கப் பேச்சாகும். சம்பந்தம் பேச வந்தவர்களையே விரட்டிய வீடு என்று பேச்சு வரும்.

சாயங்காலம் திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மலையம்மாள் பவானியின் போட்டோவைத் துடைத்துப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "கண்டவுக கும்பிட வேண்டாம்" என்றாள். இனி எங்கே மாட்டினாலும் அது அந்தக் காட்சியில்தான் தொங்கும்.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. வேல்விழி போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். மூன்று வந்தன. நாலாவது வரவில்லை.

"அப்பா."

"சொல்லு ஆத்தா."

"நானே ஒருத்தரக் கூட்டியாந்து வாசல்ல நிறுத்துனா என்ன செய்வீக?"

அதற்கு ஒரே பதில்தான். பகலில் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்ன பதில்தான். இந்த வீட்டில் யாரையும் அடைக்க மாட்டோம். நாக்கு நுனியில் இருந்தது. அதை முந்திக்கொண்டு வேறொன்று வந்துவிட்டது.

"யாரு அவன்?"

வெளிச்சம் ஒருமுறை ஆடி நின்றது.

"யாரும் இல்லப்பா. சும்மா கேட்டேன்."

போனை என் கையில் கொடுத்தாள். தன் அறைக்குப் போய், உள்ளிருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.