போடாத ஊசி

வன்னியில் குடியேறியவர்கள் காடு வெட்டுவார்கள், யானையைத் துரத்துவார்கள். டொக்டரிடம் மட்டும் எதையும் மறுத்துச் சொல்லமாட்டார்கள். அதை மரியாதை என்று வைத்திருந்தார்கள். தாதி நேசமலரும் எட்டு வருடமாக அப்படித்தான் இருந்தாள்.

வீரகத்தியின் காலில் மண்வெட்டி பட்ட காயம் சீழ் பிடித்திருந்தது. டொக்டர் தில்லைநாதன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "பெனிசிலின் ஒத்துக்கொள்ளும்தானே?" என்றார்.

"ஓம் ஐயா."

பெனிசிலின் தின்பதா பூசுவதா என்றே வீரகத்திக்குத் தெரியாது. டொக்டர் மருந்துத் துண்டுச்சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நேசமலர் மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வீரகத்தியின் மனைவி மெல்லச் சொன்னாள்:

"மிஸி, பாத்துப் போடுங்கோ. இஞ்சை வரமுன்னம் ஊரிலை இவருக்கு இப்பிடி ஒரு தூளைக் கரைச்சு ஊசி போட்டவை. முகம் பூசணிக்காயா வீங்கி, மூச்செடுக்கேலாமல் கிடந்தவர்."

"ஐயாட்டை ஏன் சொல்லேல்லை?"

"அவர் கேக்கேக்கை எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்றான் வீரகத்தி.

நேசமலர் ஊசியோடு டொக்டரிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் கேட்டனான். அவன் ஓம் எண்டவன்."

"காலைக் கழட்டப்போறன் எண்டாலும் அவர் ஓம் எண்டுதான் சொல்லுவார், டொக்டர்."

யாரோ சிரித்துவிட்டார்கள். டொக்டரின் முகம் கறுத்தது.

"தூளைக் கரைச்சால் எல்லாம் பெனிசிலினோ? நீர் மிஸியோ, டொக்டரோ?"

"மிஸிதான். ஆனால் போடுறது என்ரை கை. நான் போடமாட்டன்."

"கொண்டாரும். நான் போடுறன்."

அவர் கையை நீட்டினார். கல்யாணமாகாத தங்கச்சி, காசு கேட்டு மாதாமாதம் வரும் அம்மாவின் கடிதம், எல்லாம் அவள் மனதில் ஒருமுறை வந்துபோயின. கை கழுவும் தொட்டிக்குள் ஊசியைப் பீச்சிக் காலியாக்கினாள்.

"இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதிப்போடுவன்," என்றார் டொக்டர்.

"எழுதுங்கோ."

ஊசிக்குப் பதிலாக வீரகத்திக்கு வேறு மருந்துக் குளிசை எழுதினார். புண் ஆற ஐந்து கிழமை எடுத்தது. அதற்குள் விதைப்புக் காலம் போய்விட்டது. ஊசி போட்டிருந்தால் வீரகத்தி செத்திருப்பானா, பத்து நாளில் வயலில் நின்றிருப்பானா என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் இரண்டாவதையே நம்பினான். தடியூன்றி வெளியே போகும்போது, அவள் காதுபடவே, "அந்த மிஸியாலை ஒரு போகம் போச்சு," என்றான்.

மனைவி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கிழமை, டொக்டர் எழுதியதன் பலனாக, தூரத்துக் கொக்கிளாய்க்கு அவளுக்கு மாற்றக் கடிதம் வந்தது. நேசமலர் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த புண்களுக்கு மருந்து கட்டப் போனாள்.